வாசல் கோலத்தை இணையத்தில் பகிர்வது எப்படி: புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு முழு வழிகாட்டி

காலை ஆறு மணிக்குப் போட்ட கோலம் ஒன்பது மணிக்குள் பால்காரர் சைக்கிளிலும் பள்ளிப் பிள்ளைகளின் செருப்பிலும் கலைந்துவிடும். கோலம் கலைவதில் எனக்கு வருத்தம் இல்லை. நாளைக்கு வேறொன்று போடலாம். ஆனால் என் அம்மாச்சி காலமானபோது புள்ளிகளைச் சுற்றி இழை பின்னிப் போகும் சிக்குக் கோலங்கள் எத்தனையோ அவர் கையோடு போய்விட்டன. நோட்டில் இருந்தவை பதினொன்றுதான். மற்றவற்றில் "ஒரு மூலையில் இப்படிச் சுழிப்பார்" என்பதற்கு மேல் எங்கள் யாருக்கும் நினைவில் இல்லை. அந்த மார்கழியில்தான் நான் கோலங்களைப் படம் எடுத்து இணையத்தில் போடத் தொடங்கினேன்.

முதல் ஒரு மாதம் போட்டு முடித்த கோலத்தின் படத்தை மட்டும் போட்டேன். பார்த்தவர்கள் இதயம் போட்டார்கள், கைகூப்பினார்கள். ஒருநாள் ஓர் அம்மா, "இது எத்தனை புள்ளிம்மா?" என்று கேட்டார். என் படத்தையே திரும்பப் பார்த்தேன். சாய்வாக எடுத்த படம். பின்வரிசைப் புள்ளிகள் நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நான் போட்ட கோலத்தின் புள்ளியை என்னாலேயே எண்ணிச் சொல்ல முடியவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது: பார்த்தவர் எழுந்து போய்த் தன் வாசலில் போட முடிந்தால்தான் நான் அதைப் பகிர்ந்ததாக அர்த்தம். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு நோக்கத்துக்காக எழுதியது. சமையல், தையல், மாடித்தோட்டம் என்று வேறு எதைப் பகிர்பவருக்கும் இதில் பாதி உதவும். ஆனால் எனக்கு நன்றாகத் தெரிந்தது கோலம், அதனால் கோலத்தை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கோலம்

தொடங்கும்போது இருபது புள்ளி, முப்பது புள்ளி வேண்டாம். இடைப்புள்ளியில் 7 புள்ளி, 4 வரை வைக்கும் கோலம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் (இந்தக் கணக்கை அடுத்த பகுதியில் விளக்குகிறேன்). மொத்தம் 37 புள்ளிதான். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரே படத்துக்குள் அடங்கும், போனில் பார்ப்பவர் பெரிதாக்காமலே புள்ளியை எண்ணலாம். பெரிய கோலம் நேரில் பிரமாதமாக இருக்கும். ஆறு அங்குலத் திரைக்குள் வரும்போது இழைகள் எல்லாம் நூலாகிவிடும்.

மாவிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். கடையில் வாங்கும் கோலமாவு கல்லைப் பொடித்தது. குறுணையாக இருப்பதால் விரலிடுக்கிலிருந்து சீராக இறங்கும், படத்திலும் பளிச்சென்று தெரியும். அரிசி மாவு எறும்புக்கும் குருவிக்கும் ஆகும், ஆனால் ஈரத்தில் கட்டிக்கொள்ளும், படத்தில் சற்று மங்கலாக விழும். நான் கோலமாவோடு கொஞ்சம் அரிசி மாவைக் கலந்துகொள்கிறேன். உங்களுக்குக் கை பழகியது எதுவோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். படத்துக்காகக் கையை மாற்ற வேண்டாம்.

தரை நனைந்து சொதசொதவென்று இருக்கும்போது போட்டால் மாவு ஊறி இழை பரந்துவிடும். அதோடு தண்ணீர் மின்னி, படத்தில் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு விழும். வாசல் தெளித்துப் பெருக்கி, ஈரம் இழுத்துத் தரை கருத்திருக்கும் நேரம்தான் சரியான நேரம். சாணம் தெளித்த வாசலில் இன்னும் நன்றாக எடுக்கும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு வாசலே இரண்டடி வெள்ளை டைல்ஸ். அதில் வெள்ளை மாவு தெரியாது. ஒரு கடப்பா கல் துண்டோ, கருப்புப் பெயின்ட் அடித்த ஒட்டுப்பலகையோ போதும். அதில் போட்டுப் பால்கனியில் வைத்துப் படம் எடுக்கலாம். சாக்பீஸும் அதில் நன்றாக ஓடும். இது ஒரு படி குறைந்த கோலம் என்று யாராவது சொன்னால் பொருட்படுத்த வேண்டாம். கற்றுக்கொடுக்கும் காணொளிக்கு வாசலைவிடப் பலகைதான் வசதி.

புள்ளிக் கணக்கு எழுதும் முறை

இதை எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். கோலத்தோடு புள்ளிக் கணக்கு போகாவிட்டால் அது வெறும் படம்.

நேர்ப்புள்ளி என்றால் ஒவ்வொரு புள்ளியும் மேல் வரிசைப் புள்ளிக்கு நேர் கீழே வரும். இடைப்புள்ளி என்றால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் அடுத்த வரிசைப் புள்ளி வரும். இதையே ஊடுபுள்ளி, சந்துப்புள்ளி என்றும் சொல்வார்கள். இந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு "7 புள்ளி" என்று மட்டும் எழுதினால் படிப்பவர் தவறான புள்ளி அமைப்பில் தொடங்கி, பாதி வழியில் கோலம் மூடாமல் நிற்பார்.

"இடைப்புள்ளி 7, 4 வரை" என்றால் நடுவில் 7, அதன் மேலும் கீழும் 6, 5, 4. கூட்டினால் 37. "நேர்ப்புள்ளி 7, 1 வரை" என்றால் நடுவில் 7, மேலும் கீழும் 5, 3, 1. கூட்டினால் 25. "நேர்ப்புள்ளி 5, 5 வரிசை" என்றால் சதுரம், அதுவும் 25. பொங்கலுக்குப் பெரிதாகப் போடும் "இடைப்புள்ளி 15, 8 வரை" 169 புள்ளியாகும். மொத்தத்தையும் சேர்த்து எழுதிவிடுங்கள். வைத்து முடித்ததும் எண்ணிப் பார்த்து, சரியாக வைத்திருக்கிறோமா என்று அவர்களே உறுதி செய்துகொள்வார்கள்.

புதியவருக்கு இன்னொரு குறிப்பும் சேர்க்கலாம்: நடு வரிசையை முதலில் வையுங்கள், பிறகு மேலே, பிறகு கீழே. மேலிருந்து தொடங்கினால் ஒரு வரிசை தள்ளிப்போனாலும் கடைசியில்தான் தெரியும்.

சிக்குக் கோலமானால் எத்தனை இழை என்பதையும் எழுதுங்கள். சில கோலம் ஒரே இழையில் எல்லாப் புள்ளியையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். சிலவற்றில் மூன்று நான்கு இழைகள் தனித்தனியாக மூடிக்கொண்டு ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். முடிந்த படத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கப் புதியவருக்கு வெகுநேரம் ஆகும். நீங்கள் ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். எந்தப் புள்ளியிலிருந்து கிளம்பினீர்கள் என்பதையும் சொன்னால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

கோலம் இப்படி விதியாகச் சொல்லக்கூடியது என்பதை நம் ஊரிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணியும் கணிதம் கற்பித்த ராணி சிரோமணியும் மற்றவர்களோடு சேர்ந்து 1970களில் கோலங்களைக் கணினிக்கு விளங்கும் இலக்கண விதிகளாக எழுதிக் காட்டினார்கள். பாட்டிகள் "ஏழுக்கு நாலு, சந்துல வை" என்று சொன்னதும் ஒரு விதிதான். அதை அப்படியே எழுத்தில் இறக்கி வைப்பதுதான் நம் வேலை.

படம் எடுப்பது

கோலத்தை நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து சாய்த்து எடுத்தால் வட்டம் முட்டையாகும், முன்வரிசை பெரிதாகவும் பின்வரிசை சிறிதாகவும் விழும். அழகுக்குச் சாய்வாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், வாசற்படியும் விளக்கும் பூசணிப்பூவும் அதில் வரும். ஆனால் கற்றுக்கொள்பவருக்கு மேலிருந்து எடுத்ததுதான் வேண்டும்.

அதற்கு எளிய வழி, உறுதியான ஸ்டூல் ஒன்றில் ஏறி, போனைத் தரைக்கு இணையாகக் கோலத்தின் நடுவுக்கு மேலே நீட்டிப் பிடிப்பது. கேமரா அமைப்பில் கட்டக் கோடுகளைப் போட்டுவிடுங்கள். போன் சரியாகக் கீழ்நோக்கி இருந்தால் பல போன்களில் இரண்டு சிறு குறிகள் ஒன்றாகப் பொருந்திக் காட்டும். செல்ஃபி குச்சி இருந்தால் பத்து வினாடி டைமர் வைத்து மேலே நீட்டலாம், ஸ்டூல் ஏற வேண்டியதில்லை. மாடி வீட்டுக்காரர்கள் மேலிருந்து இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுக்கலாம். தூரத்திலிருந்து எடுப்பதால் கோணல் குறைந்து, இழைகள் நேராக விழும். நிறைய இடத்தை அடக்குகிறது என்பதற்காக 0.5 என்று காட்டும் அகலக் கோண லென்ஸைத் தொடவே தொடாதீர்கள். ஓரத்துப் புள்ளிகளை அது வெளிப்பக்கம் இழுத்துவிடும்.

எடுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள். கையில் மாவு இருக்கும், அந்தக் கையால்தான் போனைத் தொட்டிருப்போம். என் முதல் வருடப் படங்களில் பாதி பனி மூடியது போல இருக்கின்றன. காரணம் அதுதான்.

வெளிச்சத்துக்கு வருவோம். மார்கழியில் விடியுமுன் போடும் கோலத்தைத் தெருவிளக்கு வெளிச்சத்தில் எடுத்தால் மாவு மஞ்சளாகவும் சாம்பலாகவும் வரும். பிளாஷ் போட்டால் நடுவில் வெளுத்து ஓரத்தில் இருண்டுவிடும். கொஞ்சம் பொறுத்து, வானம் வெளுத்துச் சூரியன் எட்டிப் பார்க்காத அந்த இருபது நிமிடத்தில் எடுங்கள். நிழலே விழாத வெளிச்சம் அது. ஒவ்வொரு இழையும் தெளிவாக இருக்கும். சூரியன் வந்ததும் இன்னொரு வாய்ப்பு. வெயில் பக்கவாட்டில் தாழ்வாக வரும்போது மாவுக் கோட்டுக்கே ஒரு மெல்லிய நிழல் விழும். இழை தரையிலிருந்து எழுந்து நிற்பது போலத் தெரியும். கிட்டத்தில் போய் ஒரு படம் எடுக்க அதைவிட நல்ல நேரம் இல்லை.

கோலத்தின் பாதியில் வெயிலும் பாதியில் சுவர் நிழலும் விழுந்தால் எந்தப் போனாலும் சமாளிக்க முடியாது. வீட்டில் யாரையாவது கூப்பிட்டு ஒரு போர்வையை விரித்துப் பிடிக்கச் சொல்லி, கோலம் முழுவதையும் நிழலாக்கிவிடுங்கள். உங்கள் நிழலும் விழாத பக்கமாக நில்லுங்கள்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். படத்தின் சட்டத்துக்குள் பெரும்பகுதி கருத்த தரை. அதைப் பார்த்துப் போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டும். உடனே வெள்ளை மாவு அளவுக்கு மீறி வெளுத்து, அருகருகே போகும் இரண்டு இழைகள் ஒன்றாகிவிடும். திரையில் கோலக் கோட்டின் மேல் விரலை வைத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். மாவின் குறுணை தெரியும்வரை குறைக்கலாம். இதை ஒருமுறை செய்து பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

முடிந்த கோலத்தை மட்டும் எடுக்காதீர்கள். புள்ளி மட்டும் வைத்த நிலையில் ஒன்று, முதல் இழை பாதி வந்தபோது ஒன்று, முடிந்ததும் ஒன்று, ஒரு மூலையைக் கிட்டத்தில் ஒன்று. நான்கும் ஒரே இடத்தில், ஒரே உயரத்திலிருந்து. புள்ளி மட்டும் உள்ள படத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கற்றுக்கொள்பவர் முதலில் தேடுவதும் அதைத்தான்.

படத்தைத் திருத்துவதில் எனக்கு இரண்டே விருப்பம். லேசாகக் கோணலாக விழுந்திருந்தால் ஸ்னாப்சீட் போன்ற செயலியில் கோணம் சரிசெய்யும் வசதி இருக்கிறது, அதில் நேராக்குங்கள். சுற்றியுள்ள செருப்பையும் குப்பைக்கூடையையும் வெட்டுங்கள். நிறத்தை ஏற்றி, கோட்டைத் தடிமனாக்கி, இல்லாத வண்ணத்தைச் சேர்க்க வேண்டாம். அந்தப் படத்தைப் பார்த்துப் போடுபவருக்குத் தன் கோலம் ஏன் அப்படி வரவில்லை என்ற ஏமாற்றம்தான் மிஞ்சும்.

காணொளி

சிக்குக் கோலத்தைக் கற்றுக்கொடுக்கக் காணொளிதான் சிறந்தது. இழை எங்கே திரும்புகிறது என்று படத்தில் சொல்ல முடியாது.

பலகையைத் தரையில் வைத்து, பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டு, அவற்றின் மேல் ஒரு கட்டை அல்லது துணி உலர்த்தும் கம்பியைக் குறுக்கே வைத்து, அதில் போனைத் தாங்கியோடு கீழ்நோக்கிக் கட்டினால் போதும். கடையில் விற்கும் வளையும் தாங்கியும் சரிதான், ஆனால் போனின் எடையில் மெல்லத் தாழ்ந்துகொண்டே வரும், கவனியுங்கள். விழாதபடி ஒரு கயிற்றையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

போனின் மேல்முனை உங்களைவிட்டு விலகி எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வைத்தால் பார்ப்பவருக்குத் தானே உட்கார்ந்து போடுவது போல இருக்கும். வலக்கைப் பழக்கம் உள்ளவர் இடமிருந்து வலமாகப் போனால் கை கோட்டை மறைக்காது.

வேகமாக ஓட்டிக் காட்டும் டைம்லாப்ஸ் பார்க்க இனிமை, கற்க உதவாது. நான் இரண்டும் செய்கிறேன். அரை நிமிட வேகப் படம் ஒன்று, மெதுவாக ஒவ்வொரு வளைவையும் வாயால் சொல்லிக்கொண்டே போடும் படம் ஒன்று. "இந்தப் புள்ளியைச் சுற்றி வர்றோம், இப்ப ரெண்டுக்கும் நடுவுல இறங்குறோம்" என்று வீட்டில் பேசுவது போலவே பேசுங்கள். யூடியூபில் நீள்வாக்கில் எடுத்த குறும்படம் (ஷார்ட்ஸ்) இப்போது மூன்று நிமிடம் வரை போகலாம். 7 புள்ளிக் கோலத்துக்கு அது தாராளம்.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் ஓட்டாதீர்கள். உரிமை கோரல் வரும், சில சமயம் ஒலியையே நிறுத்திவிடுவார்கள். விளக்குமாற்றுச் சத்தமும் காக்கையும் தூரத்துக் கோயில் மணியும் போதும்.

படத்தின் மேலேயே எழுதுங்கள்

கோலம் அதிகமாகப் போய்ச் சேர்வது வாட்ஸ்அப் வழியாகத்தான். ஒருவர் அனுப்பி, அவர் சேமித்து, இன்னொரு குழுவுக்கு அனுப்புவார். படத்துக்குக் கீழே நீங்கள் எழுதியது இரண்டாம் கையிலேயே கழன்றுவிடும். படம் மட்டும் ஊர் சுற்றும். அதனால் புள்ளிக் கணக்கையும் உங்கள் பக்கத்தின் பெயரையும் படத்தின் மேலேயே, கோலத்தை மறைக்காத ஓரத்தில் சிறிதாக எழுதிவிடுங்கள். ரொம்ப ஓரம் வேண்டாம், வெட்டப்பட்டுவிடும். வெளி இழைக்கும் கடைசிப் புள்ளிக்கும் பக்கத்திலுள்ள வெற்றிடம் நல்லது.

கீழே எழுதும் குறிப்பு இப்படி இருக்கலாம்:

"சிக்குக் கோலம். இடைப்புள்ளி 7, 4 வரை, மொத்தம் 37. ஒரே இழை. நடு வரிசையின் இடது ஓரப் புள்ளியில் தொடக்கம். போட்ட நேரம் 12 நிமிடம். மன்னார்குடிப் பெரியம்மாவிடம் கற்றது. அவர் இதை நெளிக்கோலம் என்பார். உங்கள் ஊரில் என்ன பெயர்?"

கடைசிக் கேள்வியை ஒப்புக்குக் கேட்பதாக நினைக்காதீர்கள். சிக்கு, நெளி, கம்பி, சுழி என்று ஒரே வகைக்கே எத்தனை பெயர்! பதிலாக வரும் ஒவ்வொரு பெயரும் சேர்த்து வைக்க வேண்டியது. தேடுபவர்கள் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தேடுவார்கள், எனவே கோலத்தின் பெயரையும் புள்ளி எண்ணையும் இரண்டிலும் ஒருமுறை எழுதிவிடுங்கள். முப்பது குறிச்சொற்களை அடுக்க வேண்டியதில்லை.

எங்கே போடுவது

ஒரு இடத்தில் தொடங்குங்கள். படம் முதன்மை என்றால் இன்ஸ்டாகிராம், சொல்லிக்கொடுப்பது முதன்மை என்றால் யூடியூப். பின்ட்ரஸ்டில் கோலம் தேடுபவர் நிறையப் பேர் உண்டு, அங்கே ஒரு படம் பல மாதம் கழித்தும் கண்ணில் படும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், உறவினருக்குக் காட்டலாம், சேமிக்கும் இடமாக நினைக்க வேண்டாம்.

நான் மனமாரப் பரிந்துரைப்பது விக்கிமீடியா பொதுவகம். சொந்தமாக எடுத்த படத்தை அங்கே திறந்த உரிமத்தில் ஏற்றினால் தமிழ் விக்கிப்பீடியா உட்பட எங்கும் அதைப் பயன்படுத்தலாம். வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம் என்பதைத் தெரிந்துகொண்டு ஏற்றுங்கள். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. அதனால் எல்லாவற்றையும் அல்ல, ஊருக்குப் பொதுவாக இருக்கட்டும் என்று நீங்கள் நினைக்கும் கோலங்களை மட்டும்.

பணம் வருமா என்று கேட்பார்கள். யூடியூபில் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும் ஓர் ஆண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது குறும்படங்களுக்கு 90 நாளில் ஒரு கோடிப் பார்வை வேண்டும். முதல் வருடம் அந்தக் கணக்கை எடுக்காமல் இருப்பதே நல்லது. எடுத்தால் நாளடைவில் கோலத்தின் நிறமும் அளவும் அதற்காக மாறும்.

வாசலைக் காட்டுகிறோம் என்ற நினைப்பு

மற்றக் கைவேலைகளைவிடக் கோலத்தில் ஒரு எச்சரிக்கை கூடுதல். நாம் பகிர்வது நம் வீட்டு வாசலின் படம். கதவு எண், தெருப்பலகை, வண்டி எண், எதிர்வீட்டுப் பெயர்ப்பலகை எதுவும் சட்டத்துக்குள் வர வேண்டாம். மேலிருந்து எடுக்கும் பழக்கம் இதற்கும் உதவும், தரை மட்டும்தான் தெரியும்.

கேமரா அமைப்பில் இடக் குறிப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் படக் கோப்புக்குள்ளேயே உங்கள் வீட்டு இருப்பிடம் பதிவாகும். வாட்ஸ்அப்பில் தெளிவு குறையாமல் இருக்க ஆவணமாக அனுப்பும்போது அதுவும் சேர்ந்தே போகும். பொதுவகத்தில் ஏற்றும்போது யாரும் அதைப் படிக்கலாம்.

ஊருக்குப் போகும்போது "பத்து நாள் கோலம் இல்லை" என்று அறிவிக்க வேண்டாம். கோலம் இல்லாத வாசல் வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லிவிடும் என்பது நம் தெருக்களில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. கைவசம் சில படங்களைச் சேர்த்து வைத்திருந்தால் வெளியூரிலிருந்தும் பகிரலாம். குழந்தைகள் கோலத்தில் கலர்ப்பொடி தூவும் காட்சி அழகுதான். முகத்தை விட்டு, கைகளை மட்டும் எடுங்கள்.

யார் கோலம், யார் படம்

தலைமுறையாக வரும் கோலம் யாருக்கும் தனிச் சொத்தில்லை. ஹிருதய கமலம் என்ற தாமரைக் கோலத்தை யார் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் ஒருவர் எடுத்த படம் அவருடையது. இன்னொருவர் படத்தை இறக்கி உங்கள் பக்கத்தில் போடாதீர்கள். அதைப் பார்த்து நீங்கள் போட்டு, உங்கள் படத்தை எடுத்து, "இவரைப் பார்த்துக் கற்றேன்" என்று எழுதுங்கள். பத்திரிகைகள் மார்கழியில் கொடுக்கும் இணைப்புப் புத்தகங்களை அப்படியே பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் போடுவதும் கூடாது.

அடுத்த வீட்டுக் கோலத்தைப் படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். "அக்கா, இன்னைக்கு ரொம்ப நல்லா இருக்கு, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்றால் இதுவரை யாரும் எனக்கு மறுத்ததில்லை. புள்ளிக் கணக்கும் யாரிடம் கற்றது என்ற கதையும் சேர்ந்தே கிடைக்கும். சென்னையில் இருப்பவர்கள் மயிலாப்பூர் விழாவின்போது ஜனவரியில் வடக்கு மாட வீதிக்குக் கோலப் போட்டி நாளில் போய்வாருங்கள். ஒரே வீதியில் எத்தனை கை, எத்தனை வேகம் என்று நேரில் பார்க்கலாம்.

என் படம் ஒன்றைப் பெயரை வெட்டிவிட்டு ஒரு பக்கத்தில் போட்டிருந்தார்கள். முதல் நாள் மனசு கொதித்தது. அமைதியாக ஒரு செய்தி அனுப்பினேன், பதில் இல்லை. தளத்திலேயே உரிமை மீறல் பற்றிச் சொல்ல ஒரு படிவம் இருக்கிறது, அதில் மூலப் படத்தைக் காட்டியதும் எடுத்துவிட்டார்கள். மூலக் கோப்பு கையில் இருந்ததால்தான் அது முடிந்தது.

எந்த நாளில் எந்தக் கோலம்

பொங்கல் பானைக் கோலத்தைப் பொங்கலன்று காலை போட்டால் யாருக்கும் உதவாது. அன்று எல்லோரும் தங்கள் வாசலில் இருப்பார்கள். ஒரு வாரம் பத்து நாள் முன்பே போடுங்கள், ஒருமுறை போட்டுப் பழக அவர்களுக்கு நேரம் வேண்டும். கார்த்திகைக்கு விளக்குக் கோலம், ரதசப்தமிக்குத் தேர்க்கோலம், கோகுலாஷ்டமிக்கு வாசலிலிருந்து பூஜை அறைவரை வரும் சின்னப் பாதம் எல்லாமே அப்படித்தான். மார்கழி முழுவதும் நாளுக்கொன்று போட ஆசைப்பட்டால் கார்த்திகையிலேயே பத்துப் பதினைந்து கோலத்தைப் பலகையில் போட்டுப் படம் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் வாரம் உடம்பு சொல்லிவிடும்.

மற்ற மாதங்களில் வாரத்துக்கு ஒன்று போதும். வெள்ளிக்கிழமைக் கோலம் என்று ஒரு நாளை வைத்துக்கொண்டால் உங்களுக்கும் பிடிப்பு, பார்ப்பவர்களுக்கும் பழக்கம்.

சேமிப்பும் திரும்பி வரும் படங்களும்

ஒருமுறை என் போன் தண்ணீரில் விழுந்து ஒரு மார்கழிப் படங்கள் முழுவதும் போயின. தளத்தில் ஏற்றியவை சுருங்கிய நகல்களாக மட்டும் கிடைத்தன. இப்போது மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கணினிக்கும் ஒரு பென் டிரைவுக்கும் மாற்றுகிறேன். கோப்பின் பெயரிலேயே புள்ளிக் கணக்கு இருக்கும்: "இடை-7-4-ஒரேஇழை-மன்னார்குடி" என்பது போல. கூடவே கட்டம் போட்ட நோட்டு ஒன்றில் கையாலும் வரைந்து வைக்கிறேன். வீட்டில் பழைய கோல நோட்டு இருந்தால் இந்த வாரமே ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துவிடுங்கள், பென்சில் கோடுகள் மங்கிக்கொண்டிருக்கும்.

உங்களைப் பார்த்துப் போட்டவர்கள் தங்கள் வாசல் படத்தை அனுப்பத் தொடங்குவார்கள். அதில் ஒரு இழை மாறிப் போயிருக்கும். "சூப்பர்" என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். அவர் அனுப்பிய படத்தின் மேலேயே மாறிய இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, "மேலிருந்து மூன்றாவது வரிசை, இரண்டாவது புள்ளி. இங்கே உள்ளே திரும்பாமல் வெளியே சுற்றி வாங்க" என்று எழுதி அனுப்புங்கள். முதன்முதலில் "எத்தனை புள்ளிம்மா" என்று கேட்ட அந்த அம்மாவுக்கு நான் அப்படித்தான் இரண்டு முறை எழுதினேன். மூன்றாவது படத்தில் 37 புள்ளியும் ஒரே இழைக்குள் இருந்தன. பக்கத்தில் காவியால் அவராகவே ஒரு கரை கட்டியிருந்தார். இப்போது என் நோட்டில் அந்தக் கோலம் அவருடைய கரையோடுதான் இருக்கிறது.